வஹிவாட்டு என்ற ஒரு சொல்

2025 ஜூலையில் பெங்களூரின் தேநீர்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் க்யூஆர் அட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ‘யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய தாள்கள் அவ்விடத்தில் ஒட்டப்பட்டன. 2021-22 முதல் நான்கு நிதியாண்டுகளின் யூபிஐ வரவுகளைத் திரட்டி, கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு அனுப்பிய அறிவிப்புகளே அதற்குக் காரணம்.

பொருள் விற்போர்க்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை வழங்குவோர்க்கு 20 லட்சம். விற்றுமுதல் இந்த வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கன்னடத்தில் விற்றுமுதலுக்கு வழங்கும் சொல் ‘வஹிவாட்டு’. பணப் பரிவர்த்தனைக்கும் அதே சொல்தான். சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு பொருள்களைப் பேச்சுமொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அதில் குற்றமில்லை. ஆனால் துறையின் கணினியும் அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதுதான் சிக்கல். மைத்துனன் திருப்பித் தந்த கைமாற்றும், சீட்டுப் பணமும், மகள் அனுப்பிய மருத்துவச் செலவும் அதே க்யூஆர் வழியாகத்தான் வருகின்றன. வந்ததெல்லாம் விற்றதல்ல, விற்றதெல்லாம் மிஞ்சியதும் அல்ல.

ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்த அறிவிப்பு செய்திகளில் பரவலாகப் பேசப்பட்டது. நான்காண்டு வரவு 1.63 கோடி, கேட்கப்பட்டது 29 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஆண்டுச் சராசரி 40 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது; நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். காய்கறிக் கடையில் இந்தத் தொகையின் பெரும்பகுதி அன்றே கொள்முதலுக்குத் திரும்பிவிடும். 29 லட்சம் என்பது அம்மொத்தத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு. ஆனால் பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே இல்லை.

இங்கே சட்டத்தின் சொல்லாட்சி சற்று விசித்திரமானது. ‘மொத்த விற்றுமுதல்’ என்ற வரையறைக்குள் வரிவிலக்குப் பொருள்களும் அடங்கும். எனினும் விலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே கடையில் கீரைக்கட்டின் பக்கத்தில் நான்கு சோப்புகளை வைத்து விற்றால் நிலைமை மாறுகிறது. வரி சோப்புக்கு மட்டுந்தான்; ஆனால் வரம்பைக் கணக்கிடக் கீரையும் சேரும். இவ்வளவையும் ஒரு கடைக்காரர் தாமாக அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கணக்கர் வைக்கும் அளவுக்கு வருமானம் இருந்திருந்தால், அவர் விடியற்காலையில் சந்தைக்குப் போய் மூட்டை சுமந்திருக்க மாட்டார்.

துறையின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வரம்பைப் பல மடங்கு தாண்டியும் பதிவு செய்யாத கடைகள் உண்டு. முறையாக வரி கட்டும் பக்கத்துக் கடைக்காரருக்கு அது இழப்பே. ஆனால் ரொக்கத்துக்குத் திரும்பியவர்கள் ஏய்க்க நினைத்தவர்கள் மட்டுமல்லர். தடம் விடும் பணம் தம்மையே காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சியவர்களும் அவர்களுள் இருந்தனர். வங்கிக் கடன் கேட்கும்போது காட்ட அவர்களிடம் இருந்த ஒரே சான்று அந்தத் தடந்தான்.

கடையடைப்பு அறிவிக்கப்பட்ட நிலையில், ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்தார். பழைய நிலுவை வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்தாக வேண்டும் என்பது முடிவு.

பதிவு செய்யும் சிறு கடைக்கு ‘காம்போசிஷன்’ என்னும் எளிய முறை இருக்கிறது. விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ள வணிகருக்கு 1 விழுக்காடு, உணவகத்துக்கு 5 விழுக்காடு. வரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் செலுத்திய வரியைக் கழிக்கவும் இயலாது. இம்முறையில் சேர்ந்தவர் ‘காம்போசிஷன் டாக்ஸபிள் பர்சன்’ என்று கடை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. க்யூஆர் அட்டை திரும்பி வந்த சுவரில், அதன் அருகே, இனி அந்த மூன்று சொற்களும் இருக்கும். தேநீர் குடிக்க வருபவர் அதை என்னவென்று படிப்பார்?