மூணாவது கியர்

ஆகஸ்ட் 4, திங்கள்
புல்லட் வந்தாச்சு. போர் போட்டு, புது பிஸ்டன், புது ரிங். சத்தம் கேட்டதும் வயிறு குளிர்ந்தது. புகை சுத்தமாக இல்லை. “500 கிலோமீட்டர் வரைக்கும் ஐம்பதைத் தாண்டாதீங்ணா” என்று மெக்கானிக் தெரு முனை வரை சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் பில் எவ்வளவு என்று கேட்டாள். பாதி சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
காலையில் அருமையான இழுவை. சாயங்காலம் அஸ்தம்பட்டி தாண்டி மூணாவது கியரில் இன்ஜின் மட்டும் எகிறியது. வண்டி அதே வேகம். கை கிளட்ச் லிவர் மேலே கிடந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்
கை இல்லை. இன்று இரண்டு விரலையும் விலக்கி வைத்தே ஓட்டினேன். கோட்டை மாரியம்மன் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்த பிறகு, மூணாவது கியரில் மறுபடியும். லேசாகக் கருகல் வாசம். என் சட்டையில்கூட அடிக்கிறதோ?

ஆகஸ்ட் 7, வியாழன்
போன் செய்தேன். “ரன்னிங் ஆகட்டும்ங்ணா, தானா சரியாயிடும்.” பிஸ்டன் பழகினால் கிளட்ச் எப்படிச் சரியாகும்? கேட்கவில்லை. நல்ல மனுஷன். எரிச்சல்தான்.

ராத்திரி, சூட்டோடு சூடாக உதைத்துப் பார்த்தேன். கிக்கர் தொளதொளவென்று கீழே போய்விட்டது. முழங்காலில் சுளீர். ரிங் போச்சு, பணம் போச்சு என்று நெஞ்சு பதறியது. அப்புறம்தான் உறைத்தது. இந்த வண்டியில் உதை கியர்பாக்ஸுக்குப் போய், கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றும். கம்ப்ரெஷன் இருக்கிறது, வழுக்குவது கிளட்ச். சந்தோஷமாகிவிட்டது. என்ன பிழைப்போ.

ஆகஸ்ட் 9, சனி
லிவரில் ஆட்டமே இல்லை. காலையில் மயிரிழை. சூடானதும் அதுவும் போய்விடுகிறது. உள்ளே கிளட்ச் ராடு சூட்டில் நீண்டு, யாரும் பிடிக்காமலே பிளேட்டை விலக்கிக்கொண்டிருக்கும். காலையில் ஒழுங்கு, மாலையில் கோளாறு என்பதற்குக் கணக்கு சரியாக வருகிறது. கியர்பாக்ஸ் மேலிருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, லாக் நட்டை இளக்கி, திருப்புளியால் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். கேபிளையும் விட்டேன். லிவர் நுனியில் மூணு மில்லி ஆட்டம்.

நாலாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பார்த்தேன். பிடித்தது! முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். நல்ல தூக்கம் வரும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கோரிமேடு ஏற்றம். மூணாவது கியர். வழுக்கியது. முன்னைவிடக் கம்மி, ஆனால் வழுக்கியது. வித்துவிடலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
மழை. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மெக்கானிக் சொன்னதுதான் சரியோ.
ராத்திரி ஒன்பது மணி: சரியில்லை. நாலாவதிலும் ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்
பழைய பிஸ்டன் இழுத்த இழுப்புக்கு இந்தக் கிளட்ச் போதுமானதாக இருந்திருக்கிறது. மருமகள் வந்ததும் மாமியாரின் முட்டுவலி தெரிவதுபோல. வீட்டில் சொன்னேன். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி
லீவு. இடது கால்மிதியைக் கழற்றி, பிரேக் பெடலை ஒதுக்கி, செயின்கேஸைத் திறந்தேன். அவ்வளவு பெரிய மூடிக்கு நடுவில் ஒரே நட். ஆயில் தட்டில் கொட்டியது. தண்ணியாக, கருப்பாக. பட்டறையில் எதை ஊற்றினார்களோ. அன்று பெஞ்சுக்கு அடியில் கார் ஆயில் டப்பா கிடந்தது. உராய்வைக் குறைக்க மருந்து சேர்த்த கார் ஆயில் உண்டு. இன்ஜினுக்கு நல்லது, ஆயிலில் முங்கியிருக்கும் கிளட்சுக்கு எமன். அதைத்தான் ஊற்றினார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது.

பிளேட்டுகள் தேயவில்லை. முகம் மட்டும் கண்ணாடி. நகத்தால் கீறினால் நகம் சறுக்குகிறது. இரும்புப் பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள், அந்தக் கருகல் வாசத்தின் கையெழுத்து. பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளை மேஜைமேல் விரித்து எட்டு போட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிங்குகளை வரிசையாக நிற்க வைத்ததில் ஒன்று குட்டை. எல்லாமே புதுசு வாங்கினேன். ஆயில், பைக்குக்கான 20டபிள்யூ40, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று பார்த்து. மட்டம் பார்க்கும் திருகைக் கழற்றிவிட்டு, அதில் சொட்டும் வரை ஊற்றினேன். லிவர் கொஞ்சம் இறுக்கம். இடது மணிக்கட்டு வலிக்கிறது. நகக்கண்ணெல்லாம் கருப்பு, சோற்றில் பெட்ரோல் நாற்றம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
500 இன்னும் ஆகவில்லை. அடிவாரம் வரைதான் என்று கிளம்பினேன். ஏற்காட்டில் டீ குடித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மலையைப் பார்க்கவில்லை, காது முழுக்கக் கீழேதான். மூணாவது கியர். பிடித்தது. மறுபடி மூணாவது. பிடித்தது. உச்சியில் சூட்டோடு நிறுத்தி, வேண்டுமென்றே உதைத்தேன். காலுக்குக் கெட்டியாகத் தடுத்தது.

எது குணமாக்கியது? ஆயிலா, உப்புத்தாளா, ஸ்பிரிங்கா? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதைச் சொல்வது.

ஆகஸ்ட் 18, திங்கள்
ஐந்து ரோட்டில் மெக்கானிக். “வண்டி எப்படிங்ணா?” இப்போ வழுக்கலை என்றேன். “ரன்னிங் ஆனா சரியாயிடும்னு சொன்னேனா இல்லையா?”

ஆமாங்க என்றேன். டீக்கும் நானே காசு கொடுத்தேன்.