எரிகோவின் பிள்ளைகள்

தவக்காலம் வந்துவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாச்சிக்கு நான் பைபிள் வாசிக்க வேண்டும். அம்மாச்சிக்கு எழுத்துத் தெரியாது. புதுப்புளி வரும் காலம் அது. புளியைத் தட்டிக் கொட்டை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்று யோசுவா ஆறாம் அதிகாரம், இஸ்ரயேலர் எரிகோ நகரைப் பிடிக்கும் கதை. ஆறு நாள் நாளுக்கொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, எக்காளம், ஆரவாரம். திண்டுக்கல் பிள்ளைக்கு எரிகோ என்றால் மலைக்கோட்டைதானே! அந்த மொட்டைப் பாறையைச் சுற்றி நானே எக்காளம் ஊதிக்கொண்டு போவதுபோல் சத்தமாக வாசித்தேன். மதில் விழுந்தது. அதே வேகத்தில் அடுத்ததையும் வாசித்தேன்: ஆண், பெண், சிறியவர், பெரியவர், ஆடு, மாடு, கழுதை என எல்லாவற்றையும் வாளுக்கு இரையாக்கினார்கள்.

புளி தட்டும் சத்தம் நின்றது. “பச்சப்புள்ளைக என்னடா பண்ணுச்சுக?” என்று கேட்டது அம்மாச்சி.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் அதையே கேட்டேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை அப்போதுதான் மனப்பாடம் செய்திருந்தோம். பகைவரிடம் அன்பு காட்டு, மறு கன்னத்தையும் காட்டு. இரண்டும் ஒரே சாமி சொன்னதா? “ஆண்டவர் செஞ்சா காரணம் இருக்கும், உக்காரு” என்றார் உபதேசியார். பாசமான மனிதர்தான், ஆனாலும் அது பதில் இல்லை.

மலைக்கோட்டையை அதன்பின் வேறு மாதிரி பார்த்தேன். 1790-ல் ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை அது. மதிலுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அம்மாச்சி தனக்கென ஒரு முடிவு வைத்திருந்தது. முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கோழியைக் கொடுத்துவிட்டு, எல்லாச் சாதி சனமும் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் என் பக்கத்தில் இருந்து சொன்னது: “நான் அம்பு எய்தவனக் கும்புடல, அம்பு வாங்குனவரத்தான் கும்புடுறேன்.” செபஸ்தியார் ரோமப் படைவீரர். அம்பு தைத்த உடம்போடுதான் சுரூபத்தில் நிற்கிறார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

பின்னாளில் நிறையப் படித்தேன். 1950-களில் எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த நகரமே இல்லை என்றார். மனசுக்கு ஆறுதல்தான். ஆனால் நடக்காத கொலையையும் கடவுள் பெயரில் பெருமையாக எழுதிவைத்தார்களே, அதற்கு என்ன சொல்வது? இப்படிப்பட்ட வரிகளை விட்டுவிடுவதும் ஒரு வழி: 1971-ல் வந்த திருப்புகழ்மாலை என்னும் செப நூலில் 58, 83, 109 ஆகிய மூன்று சாபத் திருப்பாடல்களையும் திருச்சபை விட்டுவிட்டது. குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்லும் 137-இன் கடைசி வரிகளும் போயின. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை ஊரையும் உறவையும் பறிகொடுத்தவர்களின் ஓலம். அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து; காதுகொடுத்துக் கேட்பதில் ஆபத்தில்லை.

மறைக்கல்வி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதில் விழுந்த இடத்தோடு எரிகோ கதையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். எந்தப் பிள்ளையாவது எழுந்து கேள்வி கேட்டால், தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள்.