பாட்டனாரின் பைக்கடிகாரம்

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் தென்மேற்கே சென்றால், பனைமரங்கள் அணிவகுத்து நிற்க, உடன்குடி வந்துவிடுகிறது. கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற ஊர். இக்கரையோர முஸ்லிம்கள் பலர் ஒரு காலத்தில் கொழும்புக்குக் கடல்கடந்து வணிகம் செய்தவர்கள்.

அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தேன். கருப்பட்டிக் காப்பி தந்துவிட்டு, பழைய பெட்டியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளி உறையிட்ட பைக்கடிகாரம்!

"தம்பி, நீங்கள் கடிகார வேலை பழகியவராமே? மர்ஹூம் பாட்டனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது இது. ஓடவில்லை. வெள்ளி விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?"

வெள்ளி விலைக்கு வாங்குவோர் உறையை உருக்கிவிட்டு, உள்ளிருக்கும் இயந்திரத்தை எறிந்துவிடுவர். பின்னர் அதை மீட்க இயலாது. எனவே முதலில் இனம் காண வேண்டும்.

முகப்பிலுள்ள பெயரை மட்டும் நம்பலாகாது. அது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தையே பார்க்க வேண்டும். சாவித் துளை இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பொருள். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு, செய்த ஆண்டை ஏறக்குறைய அறியலாம். உறையின் எண் வேறு. அதைக் கொண்டு ஆண்டு தேடினால் ஏமாறுவோம். உறையில் நடக்கும் சிங்க முத்திரை இருப்பின் அது இங்கிலாந்து வெள்ளி. ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மை. இவருடையதில் 0.800 என்றிருந்தது. இயந்திரமோ சுவிட்சர்லாந்துப் பொருள்.

குமிழை மெல்லத் திருகினேன். பாலன்ஸ் சக்கரம் சில முறை ஆடி நின்றது. மனம் நிம்மதியுற்றது. பழைய கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவது அச்சக்கரத்தின் மெல்லிய தண்டே. முறிந்தால் புதிதாகக் கடைந்து செய்ய வேண்டும். அல்லது அதே வகை இயந்திரத்திலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். இங்கே தண்டு முறியவில்லை. உறைந்துபோன எண்ணெயே காரணமாக இருக்கலாம்.

"வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டுவிடாதீர்கள், தூசியைக் கூட்டிச் சேர்க்கும். அனுபவமுள்ள கைவினைஞரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் இயந்திர எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்ளிருக்கும் இயந்திரம் மாறிவிடாமல் காக்க அது உதவும்" என்றேன்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை.

"பாட்டனார் இதைப் பார்த்துத்தான் தொழுகைக்குப் புறப்படுவார்களாம்" என்றார் பிறகு.

நேரத்தைப் பேணுவது நம் மார்க்கத்தோடு பிணைந்த செயல். உதுமானியப் பேரரசின் அறிஞர் தகிய்யுத்தீன் 1559இலேயே பொறிக் கடிகாரங்கள் குறித்து அரபியில் நூல் எழுதியதும் நினைவுக்கு வந்தது.

மஃரிப் பாங்கொலி கேட்டது. கடிகாரத்தைப் பழைய துணியிலேயே சுற்றிப் பெட்டியில் வைத்தவர், "இது அமானிதம், தம்பி. விற்பதற்கில்லை" என்று கூறியவாறு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்.