இரண்டாவது சாவி



உங்கள் கோயில் கமிட்டியிலோ, இளைஞர் மன்றத்திலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, "அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்று பேர் வாங்கிய ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு காலத்தில் நானும் அப்படிப் பேர் வாங்கியவன்தான். அது பெருமையல்ல என்று எனக்குப் புரிய வைத்தவள் 19 வயது அகதிப் பெண் ஒருத்தி.

2018-ஆம் ஆண்டின் தொடக்கம். கோலாலம்பூர் புடு வட்டாரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் சின் மக்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் போய் வந்தேன். மியன்மாரின் மேற்கு மலைப் பகுதியிலிருந்து இராணுவக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. பெரியவர்களுக்குச் சட்டப்படி வேலை உரிமை இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த கார்டு ஒன்றுதான் துணை.

நமக்கு இது புதிதா என்ன? 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று வந்ததே, நினைவிருக்கிறதா? சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

அங்குள்ள இளைஞர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த தலைமைத்துவம் மேடைதான். தோட்டத்து மணிமன்றத்தில் வளர்ந்தவன் அல்லவா! நிமிர்ந்து நில், சபையைப் பார், குரலை உயர்த்து என்று இரண்டு வாரம் மலாய் மொழியில் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அங்கே ஆண் ஆசிரியரும் 'டீச்சர்'தான்.

"டீச்சர், எங்களுக்கு மேடை எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரி கவுண்டரில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுங்கள். போலீஸ்காரர் நிறுத்தினால், குரல் நடுங்காமல் கார்டைக் காட்டச் சொல்லிக் கொடுங்கள்."

அன்றே பாடம் மாறியது. ஒரு மேசை கவுண்டராயிற்று. ஒருவர் கிராணி, ஒருவர் பிரசவத்துக்கு வந்த பெண், ஒருவர் மொழிபெயர்ப்பாளர். கார்டு உள்ள அகதிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டினர் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு. அதைப் பணிவாகவும், அதே சமயம் விடாமலும் கேட்கப் பழகினார்கள். கூட்டக் குறிப்பு எழுதவும், பள்ளியின் வரவு செலவைப் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த ஜூன் மாதம் இடி விழுந்தது. சின் மக்களுக்கான அகதிப் பாதுகாப்பு 2019 இறுதியோடு முடியும் என்று ஆணையம் அறிவித்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் சரியான செய்தி போக வேண்டும். ஆனால் அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய நோட்டுப் புத்தகம் இல்லை! அதை வைத்திருந்த பழைய தலைவர் சில மாதங்களுக்கு முன்பு அமெரிக்காவுக்குக் குடியேறிவிட்டார். நோட்டும் அவர் பெட்டியோடு போய்விட்டது.

செய்திக்கு முன்னால் வதந்தி ஓடியது. ஒரு குடும்பம், கார்டு இப்போதே செல்லாது என்று நம்பி, காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தது. அந்தப் பெண் மாடி மாடியாக ஏறித் தேடிப் போய், குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு கவுண்டரில் நின்றாள். குழந்தை பிழைத்தது.

அடுத்த கூட்டத்தில் அவள் சொன்னாள்: "இனி ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. நாங்கள் எந்த நாளும் போய்விடக்கூடியவர்கள். போகிறவர் வேலையை விட்டுவிட்டுப் போகலாம், எடுத்துக்கொண்டு போகக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. 1976-இல் எங்கள் தோட்டத்து மணிமன்றத்தின் செயலாளர் நான். பட்டணத்தில் வேலை கிடைத்ததும் புறப்பட்டுவிட்டேன். நூல்நிலைய அலமாரிச் சாவி என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. திருப்பி அனுப்பவும் இல்லை. ஆறே மாதத்தில் மன்றம் மூடப்பட்டது. "நான் போனதும் மன்றமே படுத்துவிட்டது" என்று எத்தனையோ வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படுக்க வைத்தவனே நான்தான் என்பது அந்த மாடி அறையில்தான் உறைத்தது.

2019 மார்ச் மாதம், சின் மக்களுக்குப் பாதுகாப்பு இன்னும் தேவை என்று ஆணையமே அறிவித்தது. மூச்சு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண்ணும் வெளிநாடு போய்விட்டாள். அவள் போன மறுநாள், பள்ளி எப்படியிருக்குமோ என்ற கவலையோடு படியேறினேன். வழக்கமான நேரத்துக்குக் கதவு திறந்திருந்தது. திறந்தவன் 17 வயதுப் பையன். இரண்டாவது சாவி அவனிடம் இருந்தது.

வாசகர்களே, நம் பிள்ளைகளுக்கு மேடையில் பேசக் கற்றுக் கொடுக்கிறோம். நல்ல காரியம்தான். கூடவே, பொறுப்பைக் கை மாற்றிக் கொடுக்கவும் கற்றுக் கொடுப்போம். இன்றே உங்கள் சங்கத்துச் சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது?