டெய்லர் இல்லாத உடுப்பு

பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பாரதியார் உடை தைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கறுப்புக் கோட்டு, முண்டாசு, மை தீட்டிய மீசை. கோட்டில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளப் புகைப்படம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோட்டை யாரோ ஒரு தையற்காரர் நிஜமாகவே வெட்டித் தைத்திருக்கிறார். அவர் செய்ததையே நாமும் செய்கிறோம். கார்ட்டூன் பாத்திரத்தின் உடை அப்படியல்ல. அதற்கு டெய்லரே கிடையாது. வரைந்தவர் தோளிலிருந்து ஒரு கோட்டை இழுத்தார், உடுப்பு ஆகிவிட்டது. கை எங்கே சேர்கிறது, தலை எந்த வழியாக நுழைகிறது, உள்பக்கம் என்ன நிறம் என்றெல்லாம் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளைத்தான் கேட்பார்கள்.

என்னைக் கேட்டவள் என் அக்கா மகள். அவளுக்குத் தான்ஜிரோ ஆகவேண்டும். 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியக் கதையின் நாயகன் அவன். அரக்கர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த, கரி விற்கிற பையன். கொயோஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை வரைந்த தொடர், 2019இல் அனிமேஷனாக வந்தது. 2025இல் வெளியான அதன் படத்தில் அரக்கர்கள் நம் தியேட்டர்களில் தமிழிலேயே பேசினார்கள். 2024இல் காமிக் கான் என்ற ரசிகர் கண்காட்சி முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தபின், இப்படி வேடம் கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறும் பிள்ளைகளை யாரும் அவ்வளவாக முறைத்துப் பார்ப்பதும் இல்லை.

"வெறும் கட்டம் போட்ட கோட்டுதானே சித்தி, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ல?" என்றாள்.

பாதி சரிதான். தான்ஜிரோ மேலே போட்டிருப்பது ஹவோரி, கிமோனோவுக்கு மேல் அணியும் திறந்த அங்கி. அந்த வகை உடுப்பில் வளைவு என்பதே அநேகமாக இல்லை. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமுள்ள நீளமான துணிச் சுருளை நேராக வெட்டி நேராக மூட்டுவார்கள். தையலைப் பிரித்துத் துண்டுகளை இணைத்தால் மறுபடி சுருளாகிவிடும். பட்டுக் கிமோனோக்களை அப்படிப் பிரித்துத் துவைத்து மீண்டும் தைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. கம்கட்டு வளைவிலும் டாட்டிலும் உயிரை விடுகிற ரவிக்கைத் தையல்காரிக்கு இந்த வெட்டு ஒரு விடுமுறை மாதிரி.

மீதிப் பாதி அந்தக் கட்டத்தில் இருக்கிறது. பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் சதுரங்கள். இதற்கென்றே அச்சடித்த பாலியஸ்டர் துணி கிடைக்கிறது. ஆனால் அச்சின் சதுரம் ஒரே அளவு, அக்கா மகளோ குள்ளம். படத்தில் முதுகில் எத்தனை கட்டம் வருகிறதோ அத்தனை அவள் முதுகிலும் வந்தால்தான் அவன் மாதிரி இருக்கும். கட்டங்களை எண்ணி அவள் முதுகு அகலத்தை வகுத்ததில் சதுரம் நாலங்குலம் என்று வந்தது. ஆகவே ஒட்டுப்போட்டே தைப்பது என்று முடிவாயிற்று.

சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டினால் பைத்தியம் பிடித்துவிடும். நாலரை அங்குல அகலத்தில் பச்சை நாடாவும் கறுப்பு நாடாவும் கிழித்து மாற்றி மாற்றி மூட்டவேண்டும். பிறகு அதைக் குறுக்கே நாலரை அங்குலமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பச்சை, கறுப்பு, பச்சை, கறுப்பு என்று வரும். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மூட்டினால் கட்டம் தானாக விழும். தையலுக்குள் போகும் துணியை எப்போதும் கறுப்புப் பக்கமாகவே மடித்து இஸ்திரி போடவேண்டும். பச்சைப் பக்கம் மடித்தால் கறுப்பு நிழலடிக்கும். கறுப்புப் பக்கமாக மடித்தால் முனைகள் சேரும் இடத்தில் இரண்டு தையலும் எதிரெதிராகப் போய் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும் என்பது உபரி லாபம். ஆனால் மெஷின் நேராக ஓடவேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூல் விலகினால் எட்டாவது கட்டத்துக்குள் முனைகள் சேராமல் போயிருக்கும். வரைகிறவருக்கு இந்த வம்பே இல்லை. அவர் கட்டம் தோளைத் தாண்டிக் கைக்குள் போனாலும் உடையாது.

பச்சைக்காக ரவிக்கை மேட்சிங் சென்டருக்குப் போனோம். எல்லாரும் புடவையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள் செல்போனை நீட்டினோம். கடைப் பையன் அசரவில்லை. டூ பை டூ ரோல்களைத் திரையோடு ஒட்டிப் பார்த்து, "பிரைட்னஸ் கொறைங்கக்கா" என்றான். குறைத்ததும் பச்சை வேறாகிவிட்டது. பகல் காட்சியில் ஒரு பச்சை, இரவுக் காட்சியில் ஒரு பச்சை. எது அசல்? அப்படி ஒரு துணியே இல்லாதபோது அசலுக்கு எங்கே போவது? கடைசியில் ராமர் பச்சைக்கு ஒரு படி கீழே இருப்பதைத் தெருவெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். பையன் வைத்திருந்த ஒரு பாசிப்பச்சையை அவள் ஏளனமாகப் பார்த்த பார்வை, முகூர்த்தப் புடவை எடுக்க வந்த பெரியம்மாக்களுக்கே உரியது.

இந்தக் கட்டம் தான்ஜிரோவுக்கு முன்பே ஜப்பானில் வேஷம் கட்டியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சனோகவா இச்சிமட்சு என்ற கபுகி நடிகர் மேடையில் இதே கட்டம் போட்ட உடுப்பில் தோன்ற, எடோ நகரத்து ரசிகர்கள் அதைத் தாங்களும் உடுத்திக்கொண்டார்கள். இன்றும் அங்கே அந்தக் கட்டத்துக்கு அவர் பெயர்தான். தொடரை வெளியிட்ட ஷுஎய்ஷா நிறுவனம் இதை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யக் கேட்டபோது, 2021இல் ஜப்பான் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. சரியான தீர்ப்பு. ஒரு ரசிகக் கூட்டம் வளர்த்த கட்டம், இன்னொரு ரசிகக் கூட்டத்துக்கும் ஆகும்.

தைக்கிறவர்களைப் பற்றிய பேச்சுதான் எங்கும் குறைவு. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் எதிர்கால மனிதனாக உடுத்திக்கொண்டு போனார் என்று இந்த வேடக் கலையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். அவர் உடையையும், அவருடன் போனபோது தான் உடுத்தியதையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். அவருக்கு முன்னாலும் இருந்தவை பத்திரிகை ஓவியங்களும் ஒரு சினிமாவும்தான். எங்கே தையல் வரும் என்று அந்த அம்மாள் யோசித்துக்கொண்டிருந்த இரவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹவோரியின் உள்பக்கத்துக்கு வருகிறேன். ஒட்டுத்தையலின் பிசிர் தெரியக்கூடாது, கண்காட்சி மண்டபத்தில் வியர்க்கவும் கூடாது. அதனால் பழைய வாயில் புடவையைக் கிழித்து லைனிங் கொடுத்தேன். கதையில் அந்த அங்கி எத்தனை சண்டை போட்டாலும் தோளில் நிற்கிறது. நிஜத்தில் இரண்டு படிக்கட்டு இறங்குவதற்குள் நழுவியது. தோள்பட்டைக்கு அடியில் பிரஸ் பட்டன் வைத்து உள்சட்டையோடு பிணைத்தேன். தான்ஜிரோவின் வாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஃபோம் ஷீட், ஹீட் கன், கறுப்புப் பெயிண்ட் எல்லாம் அவள் அண்ணன் இலாகா.

எல்லாம் முடிந்தபின் உள்சட்டையோடு வந்து நின்றாள். அதன் முதுகில் 'அழி' என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து வெள்ளையில் இருக்கவேண்டுமாம்.

"மேலதான் ஹவோரி மூடிடுதே, யாருடி பாக்கப்போறா?"

"அவன் முதுகுல இருக்கு சித்தி."

எம்பிராய்டரி செய்து கொடுத்தேன். லைனிங் கொடுத்தவள் அதற்குமேல் என்ன வாதாட முடியும்?

கண்காட்சியில் படம் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். வேறொரு தொடரின் உடுப்பில் வந்த பெண் ஒருத்தி மட்டும், கேட்காமலே அங்கியின் ஓரத்தைப் புரட்டி உள்ளே பார்த்தாள். அவளும் தைக்கிறவள் என்று தெரிந்துபோயிற்று. அரைமணி நேரம் இருவரும் ஓவர்லாக் பற்றிப் பேசியதில் அக்கா மகள் அலுத்துப்போய் வரிசையில் நிற்கப் போய்விட்டாள்.

அடுத்து அதே கதையின் ஷினோபு வேண்டுமாம். பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற அங்கி. வெள்ளை மெல்ல மெல்ல ஓரத்தில் நிறமாக மாறவேண்டும். ஜார்ஜெட்டில்தான் அந்த மிதப்பு வரும். பாலியஸ்டர் ஜார்ஜெட்டோ சாதாரணச் சாயத்தைப் பிடிக்காது, அதற்கான சாயத்தில் கொதிக்க விடவேண்டும். பெரிய அண்டா ஒன்று வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். சமையல் பாத்திரம் ஒன்றையும் தொடக்கூடாது என்றுவிட்டாள்.