எஸ் வளைவில் நிற்கும்போது

புளியறை செக்போஸ்ட் தாண்டி மேலேறினால் வருகிற எஸ் வளைவில், இரண்டு லாரிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கிடைக்கும். அந்த நேரத்தில் கீழே பார்க்க வேண்டும். கார் நடவு முடிந்த வயல்கள், தென்னந்தோப்புகள், அப்பால் செங்கோட்டை. ஆரியங்காவு கணவாய் வழியே தள்ளிக்கொண்டு வரும் காற்று சாரலை முகத்தில் அடிக்கும். தென்காசிக் கோயில் வாசலில் நம் வேட்டியைப் பிடித்து இழுப்பதும் இதே காற்றுதான்.

"அன்னா தெரியுது பாரு, தென்காசி கோவுரம்" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கை நீட்டுவார். மேகம் விலகினால் ஒரு புள்ளி தெரியும். அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கோபுரமா இது என்றிருக்கும். மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். புதுக் கோபுரத்துக்கு 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. அந்தப் புள்ளி அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆச்சிக்கோ இது திருவிதாங்கூர் ராசா சீமை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்த பிறகும் காசைச் சக்கரம் என்றுதான் சொல்வாள். பகவதிபுரத்தில் ரயில் கூவினால் உலை வைப்பாள். 1904இலிருந்து ஓடிய அந்த மீட்டர்கேஜ் ரயில் 2010இல் நின்றது. அகலப்பாதையாகி 2018இல் மறுபடி மலையேறியபோது ஆச்சி இல்லை.

மேலே நின்றால் எல்லை எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு வரப்புக்காக அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்த காலம் அது. "நம்ம வயல் எங்கப்பா?" என்று வளைவில் நின்று கேட்டேன். குளக்கரையைப் பிடித்தார், அங்கிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், ஒற்றைப் பனை என்று விரலை நகர்த்திக்கொண்டே போனார். பனைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பச்சை. விரல் அந்தரத்தில் நின்றது. பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். சாரலில் குச்சி நமத்துப்போயிருந்தது. லாரிகள் எத்தனையோ கடந்துபோயும் அவர் நகரவில்லை.

வரப்புக் கேஸ் அதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் அந்தப் பிசானத்துக்கு மடை திறந்த அன்றைக்கு, தம்பி வயல் நனைகிற வரைக்கும் அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலிலேயே நின்றார்.