அறுபதாம் நாள், காலை எட்டு மணி



கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கோவையிலிருந்து சென்னைக்குப் பயணப்பட விரும்புகிறவர்கள், அக்டோபர் 27ஆம் தேதி காலை 8 மணிக்கே முன்பதிவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். முன்பு 120 நாள்களுக்கு முன்னரே ரயில் சீட்டு எடுக்க முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்களாகக் குறைந்துவிட்டது. ஆராதனை முடிந்தபின் உங்களில் அநேகர் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. இந்தக் காரியத்தில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அந்தப் பெயரைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

சென்னையில் கூட்டம் என்று தெரிந்த உடனே, நாள்காட்டியில் 60 நாள் பின்னோக்கி எண்ணிக் குறித்துவிடுவேன். அந்தக் காலையில் சேரன் விரைவு வண்டியில் கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டால் அன்று முழுவதும் எனக்கு ஒரு நிறைவு. "ஜெபக்கூட்டத்துக்குக்கூட நீங்கள் இவ்வளவு நேரம் தவறாமல் வந்ததில்லை" என்று என் மனைவி சொல்வாள். அதில் உண்மை உண்டு.

ஜெர்மனி போன்ற நாடுகளில் முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் குறைவு. முழுக் கட்டணம் கொடுத்தவர் அன்றைய தினம் வேறு வண்டியிலும் ஏறலாம். இருக்கை இல்லாவிட்டால் நின்றாவது போய்ச் சேரலாம். அங்கே முந்திக்கொண்டவருக்குப் பணம் மிச்சமாகிறது. நம்முடைய படுக்கை வகுப்பில் முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் கட்டணம் ஒன்றே. முந்தியவருக்குப் படுக்கை கிடைக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு கோவையில் ஏறி, என் கீழ்ப்படுக்கையில் விரிப்பை விரித்தேன். எதிரே நடைபாதையோரப் படுக்கையில் வயதான ஒரு தாயும் அவர் மகனும் அமர்ந்திருந்தார்கள். ஆர்.ஏ.சி. சீட்டு. அதாவது ஒரே படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் கால் நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும். வேலூர் மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு முன்புதான் தேதி கொடுத்திருந்தார்களாம். தட்கலில் முயன்றும் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் எடுத்த சீட்டு கடைசி நேரத்தில் இந்த அரைப் படுக்கையாக மாறியிருந்தது.

நான் கண்களை மூடிக்கொண்டேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. திருப்பூர் கடந்தது, ஈரோடு கடந்தது. நான் உறங்கவில்லை, உறங்குவதுபோல் கிடந்தேன். காலையில் கூட்டம் இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, முறைப்படி எடுத்த இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தாய் வயிற்றைப் பிடித்தபடி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்ததை இமைகளின் இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சேலத்தில் எழுந்து, "அம்மா, நீங்கள் இங்கே படுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"வேண்டாமுங்க தம்பி. உங்க எடமுங்க, காசு குடுத்து எடுத்ததுங்க" என்றார்.

அவர்களும் அதே காசைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆர்.ஏ.சி. சீட்டுக்கும் முழுக் கட்டணம்தான். அதை நான் சொன்னபோது அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மகன் வற்புறுத்தியபின் எழுந்து வந்து படுத்தார். படுத்தவர் தலையைத் தூக்கி, "எத்தன நாளைக்கு முன்னாடிங்க தம்பி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"அறுபது நாளுக்கு முன்பு அம்மா."

"அப்ப எனக்கு நோவு இருக்கறதே தெரியாதுங்களே" என்றார்.

நாளைய பயணத்தையும் வருகிற ஆண்டின் வியாபாரத்தையும் தங்கள் கையில் வைத்திருப்பதுபோல் பேசுகிறவர்களை யாக்கோபு நிருபத்தின் 4ஆம் அதிகாரம் கடிந்துகொள்வதை அறிவீர்கள். அந்தப் பகுதியை வைத்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியாபாரிகளைத்தான் மனதில் வைத்துப் பேசினேன். நாள்காட்டியில் வட்டமிடுகிற என் கை அதில் சேரும் என்று ஒருமுறையும் தோன்றவில்லை. இதற்காக முன்பதிவை நான் விட்டுவிடவில்லை. நீங்களும் விட வேண்டாம். 27ஆம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகனும் நானும் அந்த அரைப் படுக்கைகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து, விடியற்காலை காட்பாடி வரும்வரை அதிகம் பேசாமல் வந்தோம். இறங்கும்போது அந்தத் தாய் என் விரிப்பை மடித்து வைத்துவிட்டுப் போனார். பெயரைக் கேட்க மறந்துபோனேன். ஆகையால் "காட்பாடியில் இறங்கிய தாய்" என்று சொல்லியே இன்றுவரை ஜெபித்துவருகிறேன். இந்த வாரம் உங்கள் ஜெபங்களிலும் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.